நவம்பரில் வந்த மரியாதை

ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. நவம்பரில் வங்கிக்குப் போய் அதை நிரூபிக்க வேண்டும். மற்ற மாதங்களில் இருக்கிறானா போனானா என்று அரசாங்கம் கேட்பதில்லை.

தேஹு ரோடு ராணுவக் கிடங்கின் கணக்குப் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்த தமிழர்கள் நாங்கள் நான்கு பேர். இந்த நிரூபணத்தை ஒரு பண்டிகையாகவே ஆக்கி வைத்திருந்தோம். காலையில் லோக்கல் ரயில், பிறகு ஆட்டோ, கேம்ப் என்னும் கன்டோன்மென்ட் பகுதியில் வங்கி. கோப்பு புரட்டித் தேய்ந்த எங்கள் விரல்களை அங்குள்ள சின்னக் கைரேகை இயந்திரம் லேசில் ஒப்புக்கொள்ளாது. உயிர் உறுதியானதும் பக்கத்து இரானி டீக்கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் சாயும். அங்கே, எங்கள் நால்வரில் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜையிலேயே காலம் தள்ளியவன், என்னை மேலும் கீழும் பார்த்து வருடா வருடம் அதையே சொல்வான்: "இன்னும் போகலையாடா நீ? கவர்மென்ட்டுக்கு எவ்ளோ நஷ்டம்!"

"உன்னை அனுப்பி வெச்சுட்டுத்தான்டா போவேன்" என்பேன். எங்களுக்குள் ஆசீர்வாதம் என்றால் அதுதான்.

இங்கே விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அவன் மகன் கனடா போனான். பெற்றோரையும் அழைத்துக்கொண்டான். அதன் பிறகும் திட்டு நிற்கவில்லை. நாங்கள் இரானி கடையில் உட்காரும் நேரத்துக்கு வீடியோ காலில் வந்துவிடுவான். அங்கே நடு இரவு. எங்களைத் திட்டுவதற்காகவே குல்லாவும் கம்பளியுமாக விழித்திருப்பான்.

போன நவம்பரில் அழைப்பு வரவில்லை. அவன் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: 'அனைவருக்கும் வணக்கம். நான் நலம். உங்கள் ஆரோக்கியத்துக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன்.'

"வயசாச்சுல்ல, பக்குவம் வந்துடுச்சு" என்று மற்ற இருவரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதற்கு மேல் பன் இறங்கவில்லை. என் ஆரோக்கியத்துக்காகப் பிரார்த்திக்கிறவன் அவனில்லை.

மறுநாள் காலை மகன் கூப்பிட்டான். "அங்கிள், அப்பாவுக்கு ஹெல்த் சரியில்ல. வீடியோல எல்லாம் வர மாட்டாரு. உயிரோட இருக்காருன்னு ஒரு ஆபீசர் சைன் போட்டா போதுமாம். உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே."

யார் யார் கையெழுத்துப் போடலாம் என்பது தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஆளைப் பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"வாங்கித் தரேம்ப்பா. அப்பாகிட்ட ஃபோனைக் குடு. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டச் சொல்லு."

மகனிடமிருந்து யாரோ ஃபோனை வாங்கினார்கள்.

"அண்ணா" என்றார் அவன் மனைவி. "அவர் ஆடியிலயே போயிட்டார்ணா."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அவர் நிறுத்தாமல் சொன்னார். "அந்தப் பென்ஷன் ஒண்ணுதாண்ணா எங்க பணம். அதுவும் நின்னுட்டா ஒரு புடவைக்குக்கூட மருமகள்கிட்ட கை நீட்டணும். அதான் யார்கிட்டயும் சொல்லல. கூடப் பொறந்தவங்களுக்கே தெரியாது."

"உங்களுக்குக் குடும்ப பென்ஷன் உண்டும்மா. கொஞ்சம் குறையும், ஆனா உங்க பேர்லயே, உங்க காலம் வரைக்கும் வரும். கேம்ப் ஸ்டுடியோல ரெண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்தீங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

அந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஓய்வுபெறும் தாள்களில் ஒட்டக் கணவன் மனைவி சேர்ந்த படம் வேண்டும். இரண்டு ஜோடிகளும் ஒன்றாகப் போனோம். அப்போது என் மனைவி இருந்தாள். அவன் மனைவி பச்சைப் பட்டில், வெட்கப்பட்டுத் தள்ளி உட்கார்ந்தார். "கிட்ட வாடி, நான் போனப்புறம் இந்தப் படம்தான் உனக்குச் சோறு போடும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். தமிழ் தெரியாத புகைப்படக்காரரும் சிரித்தார்.

"சொன்னார்தான்" என்றார் அவர். "அவர் சொன்னதுல எதைண்ணா நம்பறது?"

நியாயமான கேள்வி. ஏமாற்றுவதற்கும் விதி தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்குத் தெரிந்திருந்தால் ஏமாற்றவே தேவைப்பட்டிருக்காது.

செய்ய வேண்டியதைச் சொன்னேன். அங்கே வாங்கிய இறப்புச் சான்றிதழை நம் தூதரகத்தில் காட்டி முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். ஆடிக்குப் பிறகு வந்த பணத்தைத் திருப்ப வேண்டும். அவன் கணக்கு மூடினால் அவருடையது திறக்கும். "பேங்க்காரங்களா கண்டுபிடிச்சாத்தான் கேஸு. நாமளே போய்ச் சொல்லிடலாம். நான் இன்னைக்கே வங்கிக்குப் போறேன். நீங்க முதல்ல கூடப் பொறந்தவங்களுக்குச் சொல்லுங்கம்மா."

"சரிண்ணா. ஆனா நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்த மெசேஜை எழுதினது யாரு?"

"நான்தான். பெரியவங்களுக்கு எழுதறோமேன்னு மரியாதையா எழுதினேன்."

"அங்கதாம்மா மாட்டிக்கிட்டீங்க. அவன் என்னைக்கு எனக்கு மரியாதை குடுத்தான்?"

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் உடைந்தது. பிறகு வந்த அழுகை ஆடியிலிருந்து அடக்கி வைத்தது. பின்னால் மகன் "அம்மா, அம்மா" என்று பதறுவது கேட்டது. அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. வங்கி திறக்க இன்னும் நேரம் இருந்தது.