எனக்குத் தெரிந்த சொல்

இரண்டு பேர் கதைக்க, மூன்றாவது ஆளுக்கு வாய் உளைகிற வேலைதான் எங்கள் உரைபெயர்ப்பு வேலை.

ஈரலும் மண்ணீரலும்

முதல் வேலை குறுஞ்செய்தியில் வந்தது. இடம் ட்வெய்ட்டா, மருத்துவர், காலை பத்து மணி. யாருக்கு, என்ன வருத்தம், என்ன நோய் என்று ஒரு வரி கிடையாது. இதே வேலை செய்யும் உங்களுக்கும் இப்படித்தானே வந்திருக்கும்? நான் ஒஸ்லோவில் பிறந்தவள். என் தமிழ் வீட்டுத் தமிழ். பயத்தில் ஈரல், மண்ணீரல், கணையம் என்று நாள் முழுக்கப் பாடமாக்கினேன். கூட வேலை செய்யும் ரஞ்சினி அக்காவிடம் போனில் புலம்பினால் அவர் சிரித்தார்.

"எனக்கும் ஒருநாளும் முன்னுக்குச் சொன்னதில்லை. கதவைத் திறந்தால்தான் தெரியும்."

பத்து மணி

உள்ளே மன்னார் அம்மா ஒருவர் இருந்தார். விளங்காவிட்டால் இடையில் கேட்பேன் என்று இரண்டு மொழியிலும் ஒப்புவித்தேன்.

"எங்கடை மனிசன் போன மாசம் மோசம் போயிட்டார். அதுக்குப் பிறகு நித்திரை இல்லை" என்றார் அம்மா.

எல்லாம் தெரிந்த சொல்தானே, கேட்க என்ன இருக்கிறது? கணவரின் உடல்நிலை மோசமாகிவிட்டதாம் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மருத்துவர் கேட்டார். "கடவுள்தான் பாக்கிறார்" என்றார் அம்மா. பக்தி என்று நினைத்து அதையும் மொழிபெயர்த்தேன். அடுத்த முறை அவரையும் கூட்டி வரட்டும் என்றார் மருத்துவர்.

அம்மா என்னையே பார்த்தார். "சேமக்காலையிலை இருந்து எப்பிடிப் பிள்ளை கூட்டிக்கொண்டு வாறது?"

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. விதிப்படி கேட்டேன்.

"அவரைப் புதைச்ச இடம், பிள்ளை."

வெளியே

பிழை என்னுடையது என்று மருத்துவரிடமும் அம்மாவிடமும் சொன்னேன். மோசம் போவதென்றால் இறந்து போவது என்று இத்தனை வயதில் அன்றுதான் தெரிந்தது. அவர் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அழுதார், அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வந்தவர்களோடு வெளியே நின்று கதைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனாலும் ரயில் நிலையத்தில் அம்மா உட்கார்ந்திருந்த வாங்கில் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அம்மா தன் கைலேஞ்சியை நீட்டினார்.

"அழாதை பிள்ளை. உன்ரை வாயாலை அவர் அஞ்சு நிமிசம் உயிரோடை இருந்தவர்தானே."

இப்போது எந்த வேலைக்குப் போனாலும் மண்ணீரலைப் பாடமாக்குவதில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் வந்தால்தான் கையை உயர்த்தி, "ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ" என்கிறேன்.