போஹாவுக்கு ஒரு வன்ஸ் மோர்

அண்ணியை நினைத்தால் ஒரு தட்டு போஹாதான் முதலில் கண்முன் வருகிறது. மேடை வெளிச்சத்தில், உண்மையாகவே ஆவி பறந்துகொண்டிருந்த போஹா. நாடகத்துக்கு வெறும் தட்டு போதும் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்டால்தானே. வெங்காயம் வதக்கி, அவலைத் தாளித்து, எலுமிச்சை பிழிந்து, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கட்கியிலிருந்து ஸ்கூட்டியில் தானே கொண்டுவந்தார். அவர் கணவரை எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டதால் இவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணி. தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர் என்பதால் அந்த அதட்டலை ஒத்திகைக்கும் எடுத்துவருவார். இன்று அந்த நாடகத்தைத் பக்கத்து ஊரான தளேகாவ் வரை கொண்டுபோய் ஆடுகிறோம். ஆரம்பத்தில் அதற்கு உயிரே இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணினி வேலைக்காக இந்த மராத்தி நகரத்துக்கு வந்து, புதுக் குடியிருப்புகள் நிறைந்த கோந்த்வாவில் குடியேறியவள். தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்காக, கல்லூரியில் படித்த பழைய ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றைப் பாட்டு நாடகமாக்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சம்பந்தம் பேசும் இரண்டு குடும்பங்கள், இல்லாத பெருமையைக் காட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஒன்றையொன்று குத்தும் கதை. அதைச் சென்னைப் பங்களா ஒன்றில் கொண்டுபோய் வைத்து, சுத்தமான தமிழில் பாட்டுகள் எழுதினேன். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணிக்குப் பெண்ணின் அம்மா வேடம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் நீட்டும் இடத்தில் வசனத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னாம்மா இது? பொண்ணு பாக்க வந்தா எங்க வூட்ல போஹாதான் குடுப்போம். சொஜ்ஜி துன்னே எத்தினியோ வருஷம் ஆவுது.” கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்றுதான் முதல் சிரிப்பு. மராத்தி வீடுகளில் பெண் பார்க்கும் சடங்குக்கே போஹா என்றுதான் பெயர். தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் கட்கித் தமிழர்களுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. எங்களைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கோ சொஜ்ஜி இல்லாவிட்டால் அது பெண் பார்த்ததாகவே கணக்கில்லை. கட்கிக்கும் கோந்த்வாவுக்கும் நடுவில் இவ்வளவு வேடிக்கையை வைத்துக்கொண்டு நான் சென்னைப் பங்களாவில் எதைத் தேடினேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. எழுதியதைக் கிழித்துப் போட்டேன். பெண் வீடு கட்கி, மாப்பிள்ளை வீடு கோந்த்வா என்று மாற்றினேன். அண்ணி பேசுகிறபடியே அவருக்குப் பாட்டு எழுதினேன்.

சங்கச் செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், இதையெல்லாம் தமிழ் என்று எப்படிக் காட்டுவது என்று கேட்டார். ஒன்று பாட்டை மாற்றவேண்டும், இல்லையென்றால் நல்ல தமிழ் பேசுகிற வேறு யாருக்காவது வேடத்தைக் கொடுக்கவேண்டும் என்றார். தயங்கித் தயங்கி இதை அண்ணியிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், அவர் தன் மகள் கதையைச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவள் பேச்சைக் கேட்ட மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்குத் தமிழே வராது போலிருக்கிறதே என்று சிரித்தாராம். போஹாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். அன்றிலிருந்து மகள் வீட்டில்கூடத் தமிழ் பேசுவதில்லை. அம்மா தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும்.

“எங்க தமிழும் மேடையேறும்னு அவ பாக்கணும்” என்றார் அண்ணி. “பாட்ட மாத்துனா நான் வர்ல.”

பாட்டு போனால் நானும் போகிறேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அழைப்பிதழ் அச்சாகியிருந்ததால் அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

விழா அன்று மகள் முன்பக்கம் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி தட்டோடு வந்து பாடினார்:

‘வந்தவரே உக்காருங்க, போஹா ஆறிப் போவும்,
வார்த்தையில குத்தம் பாத்தா பசி எப்பிடிப் போவும்?’

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து கட்கிப் பெரியவர்கள் “வன்ஸ் மோர்” என்று கத்தத் தொடங்கினார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் கல்லூரியில் பாடத் தெரியாதவரை மேடையிலிருந்து விரட்டத்தான் அப்படிக் கத்துவோம். செயலாளரும் அதே நினைப்பில் கையைக் காட்ட, திரை விழுந்துவிட்டது. மராத்திப் பாட்டு நாடகங்களில் அது ரசிகர்களின் உரிமை, கேட்டுவிட்டால் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடித்தான் ஆகவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அண்ணிக்குத் தெரியும். திரையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு வெளியே தலையை நீட்டினார். “இன்னாத்துக்கு மூடுறீங்க? ஜனங்க கேக்கறாங்க இல்ல?”

திரை மறுபடி ஏறியது. அண்ணி மாப்பிள்ளை வீட்டாரை எழுப்பி வெளியே அனுப்பி, மறுபடி வரச்சொல்லி, மறுபடி உட்காரவைத்து, போஹாவைப் பரிமாறிப் பாடினார். இந்த முறை கோந்த்வா குடும்பங்களும் தாளம் போட்டன. சென்னை விருந்தினர் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் எனக்குத் தெரியாமல் தலையாட்டியதாக நினைத்துக்கொண்டார், நான் பார்த்துவிட்டேன். எனக்குப் பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்து அடுத்த வசனம் தொடங்க வேண்டிய நேரத்தில் மகள் எழுந்து நின்றாள்.

“அம்மா” என்றாள், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. “இன்னொரு வாட்டி பாடும்மா.”

அண்ணி தட்டோடு மேடை விளிம்புக்கு வந்தார். அவர் தொடங்குவதற்குள் பின்வரிசை எடுத்துக் கொடுத்தது, நடுவரிசை சேர்ந்துகொண்டது. மூன்றாம் முறை அந்தப் பாட்டை அரங்கமே பாடியது. அண்ணி மட்டும் பாடவில்லை. மகள் தமிழில் பாடுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.