வகுப்பே நடக்காத கல்லூரி

மரியசெல்விக்குக் காதல் கதை கேட்கும் பழக்கமில்லை. திண்டுக்கல்லில் ஒரு சந்துக்குள் தையல் கடை வைத்திருக்கிறாள். சுடிதாருக்குக் கழுத்து வெட்டியும் நைட்டிக்குக் கை வைத்தும் வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. பக்கத்து எந்திரத்தில் தைக்கும் சைதூன்தான் அந்த நாவலைப் போனில் ஓடவிட்டாள். பெண்கள் பலரும் உருகி உருகிக் கேட்கிற கல்லூரிக் காதல் நாவல். யாரோ ஒருத்தி குழைவான குரலில் வாசித்துப் போட்டிருந்தாள்.

"இதுல வர்றவ கெமிஸ்ட்ரி படிக்கிறாக்கா" என்று சைதூன் சொன்ன ஒரு சொல்லில் மரியசெல்வி விழுந்துவிட்டாள்.

அவளும் வேதியியல் மாணவிதான், ஒரே ஒரு செமஸ்டருக்கு. சின்னாளப்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஒருவன் தினமும் பின்னால் வந்து நின்றான். ஒருநாள் நிறுத்தத்தில் எல்லாரும் பார்க்கக் கையைப் பிடித்தான். செய்தி வீடு வந்து சேர்ந்ததும் அப்பா சூசைமுத்து அவளுடைய படிப்பை நிறுத்தினார். கையைப் பிடித்தவனோ அதே பஸ்ஸில் அதே கல்லூரிக்குப் போய்ப் பட்டமும் வாங்கினான். பொருளைப் பறிகொடுத்தவனை யாரும் சிறையில் போடுவதில்லை. பறிகொடுத்தவள் பெண்ணென்றால் மட்டும் ஊர் நியாயம் தலைகீழாகிவிடுகிறது.

தலைவலி மாத்திரைக்கான மருந்தை இரண்டாம் ஆண்டில் நாமே ஆய்வகத்தில் செய்வோம் என்று சீனியர் அக்கா ஒருத்தி சொல்லியிருந்தாள். எப்படிச் செய்வார்கள்? கதையில் மரியசெல்வி காத்திருந்தது அந்த இடம் வருவதற்காகத்தான்.

நாவலில் நாயகி கேண்டீனில் அழுதாள், மரத்தடியில் சிரித்தாள், மழையில் நனைந்தாள். வகுப்பு மட்டும் நடக்கவேயில்லை. ஒருவழியாக ஆய்வகம் வந்தது. மரியசெல்வி மிதிப்பதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். சோதனைக்குழாய் உடைந்தது. நாயகன் பாய்ந்து வந்து, ரத்தம் கசிந்த விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

"அடப்பாவி! ஆசிட் பட்ட வெரலா இருந்தா?"

"ஏங்க்கா, ரொமான்ஸுல போயி ஆசிட்ட ஊத்துறீக!"

அடுத்து பஸ் வந்தது. நாயகன் பின்னாலேயே ஏறினான். நிறுத்தத்தில் எல்லாரும் பார்க்கக் கையைப் பிடித்தான். நாயகி வெட்கப்பட்டாள்.

மரியசெல்வி எட்டிப் போனை நிறுத்தினாள்.

"அய்யோ, நல்ல கட்டத்துல நிறுத்திட்டீகளே!"

"நீதான் முழுசும் கேட்டுட்டேல்ல? இவ பரீட்ச எழுதுறாளா?"

"பரீட்சயா? அவுக ஹனிமூனே போயிட்டு வந்துட்டாக."

"அப்ப படிப்பு?"

சைதூன் யோசித்தாள். "அத யாருக்கா கேட்டா? கடைசில ரெட்டப் புள்ள."

"நீ வேணும்னா ஹெட்செட்ட மாட்டிக்கிட்டுக் கேளு. எனக்கு வேணாம்டி."

எழுதியவளும் ஒரு பெண்தான். ஒரே வரியில் அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கலாம். கதைக்குள் பீஸ் கட்ட வேண்டியதில்லை, எந்த அப்பாவின் அனுமதியும் வேண்டியதில்லை. அங்கேகூட அவளுக்குக் கல்லூரி கிடைக்கவில்லை என்பதுதான் மரியசெல்விக்கு ஆறவில்லை.

அவள் கதை சைதூனுக்குத் தெரியும். மெதுவாகக் கேட்டாள்: "கையப் புடிச்சது அவன். நீங்க ஒங்கப்பாட்ட ஒரு வார்த்த கேக்கலையாக்கா?"

"கேட்டேன். நான் என்னப்பா தப்புப் பண்ணேன்னேன். 'நீ ஒண்ணும் பண்ணல தாயி, பேரு கெடுறதுக்கு முன்னாடி நிறுத்திக்கிருவோம்'னாரு." துணியைத் திருப்பிப் போட்டு ஊசியை இறக்கினாள். "அது அப்ப எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. சரிப்பான்னு சொல்லிட்டேன்டி."