பழையபடி ஆயிடும்

உடைந்த கோப்பையின் காதில் பசையைத் தடவிவிட்டு, அது காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்தபடியே வழக்குக் கட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். பக்கம் புரட்ட வேண்டுமென்றால் முழங்கையால் புரட்டுகிறார். மூக்குக்கண்ணாடியின் காலில் நூல் சுற்றியிருக்கிறது, பேனா மூடியில் டேப். இந்த வக்கீல் வீட்டில் குப்பைக்குப் போன பொருள் என்று ஒன்று கிடையாது. "ஒரு பொருள நிம்மதியா சாக விடமாட்டீங்களா?" என்று அவர் மனைவி கேட்காத நாள் இல்லை. நீதிமன்றத்தில் அவருக்கு ஒட்டு வக்கீல் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

தொழிலும் குணத்துக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் தடையாணை கேட்டு வருவார். இந்த வேலையை இப்போதே நிறுத்தாவிட்டால், பிறகு எதைக் கொடுத்தாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு வந்துவிடும் என்பார். அப்படியெல்லாம் ஒன்றும் வராது என்று எதிர்த்துப் பேசுவது இவர் வேலை. முப்பது வருடமாக ஒரே மாதிரிதான் முடிக்கிறார்: "தீர்ப்பு எதிரா வந்தா சரிபண்ணிக் குடுத்துடறோம்யா. எல்லாம் பழையபடி ஆயிடும்." அதைத் தந்திரமாகச் சொல்வதில்லை, நம்பிச் சொல்கிறார். பெரும்பாலும் ஜெயிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உடைவதற்கு முன் இருந்த கோப்பையும் ஒட்டிய கோப்பையும் ஒன்றுதானா என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். "டீ ஒழுகுதா? இல்லல்ல?" என்றார். எனக்கு அது போதவில்லை. அவருக்குப் போதும்.

சென்ற மாதம் ஒரு சுவர் வழக்கு வந்தது. ஒரு வீட்டுக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். அது தன்னுடையது என்று சுவர் எழுப்பத் தொடங்கியிருந்த கடைக்காரர்தான் இவருடைய கட்சிக்காரர். சுவர் எழும்பினால் வீட்டின் ஒரு ஜன்னல் அடைபட்டுப்போகும். நிறுத்தச் சொல்லி அந்த வீட்டுப் பெண் தடையாணை கேட்டிருந்தார்.

இடத்தைப் பார்க்காமல் இவர் பேசுவதில்லை. எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொல்லிவிட்டு, கடைக்காரரோடு போனார். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அந்தப் பெண்ணின் அப்பா. பஸ் ஓட்டியவர், படுத்து ஒரு வருடமாகிறது. படுத்த இடத்திலிருந்து பெரிய சாலையின் திருப்பம் தெரிகிறது. வந்தவர் யாரென்று கேட்காமலே, "உக்காருங்க சார், பதினோரு மணி வண்டி வர்ற நேரம்" என்றார். வண்டி வந்து திரும்பியது. "இவன் புதுசு. பிரேக்க நம்பித் திருப்புறான்."

மூன்று பஸ் போகும்வரை ஒட்டு வக்கீல் உட்கார்ந்திருந்தார். வாசலில், டாக்டர் என்ன சொல்கிறார் என்று மகளிடம் விசாரித்தார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த வருஷத்தப் பத்தி டாக்டர் பேசவே மாட்டேங்கறார் சார்."

திரும்பும் வழியில் கடைக்காரர், சுவர்தானே, தோற்றால் தானே ஆள் வைத்து இடித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நடந்தாராம்.

விசாரணையன்று கட்சிக்காரருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பத்திரம், வரைபடம், பழைய வேலிக்கல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பேசினார். கடைசியில் நீதிபதி, வழக்கு முடிய எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

"மூணு வருஷமாவது ஆகும்யா."

"தீர்ப்பு உங்களுக்கு எதிரா வந்தா?"

"சுவர இடிச்சுக் குடுத்துடறோம்யா."

அடுத்து என்ன வரும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எழுதிக்கொள்வதற்காக நீதிபதியும் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார். "சொல்லுங்க சார்" என்று பின்னாலிருந்து கடைக்காரர் அங்கியை இழுத்தார்.

ஒட்டு வக்கீல் டேப் சுற்றிய மூடியை எடுத்துத் தன் பேனாவில் பொருத்தினார். அதை விரலால் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்தார்.