லண்டன் கட்சிக்கு ஓர் உபயகாரர்

முதலாளியின் கந்தோரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் மாட்டியிருந்தது. இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் ஒரே மாதிரி மரச்சட்டம். இரண்டாவது படத்தில் முதலாளி கறுப்புக் கோட்டுடன் ஓர் உயரமான வெள்ளைக்காரருக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் கமராவைப் பார்த்தார். முதலாளி வெள்ளைக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் லண்டனில் ஒரு தொகுதியின் எம்.பி., ஆளுங்கட்சிக்காரர். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குப் பூ வைக்க முதலாளியின் மனைவி வருவார். நாங்கள் எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். கையில் ஒரு பூ மிஞ்சினால் அன்ரி இரண்டாவது படத்தைக் காட்டி, "இவருக்கும் ஒண்டு வைக்கட்டே?" என்று கேட்பார். முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார், சிரிக்க மாட்டார். அன்ரியும் அந்தப் பகிடியை விடுவதாக இல்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடி வீட்டில் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து இருந்தோம். காலையில் சப்வே எடுத்து, பிறகு பஸ் மாறி, ஸ்காபரோவில் முதலாளியின் கிடங்குக்குப் போவேன். தேயிலையும் தேங்காய்ப்பால் ரின்களும் அடுக்கியிருக்கும் கிடங்கின் முன்பக்கத்தில் கண்ணாடி வைத்து மறித்த ஒரு சின்னக் கந்தோர். தட்டச்சும் தொலைபேசியும் என் பொறுப்பு. என் மேசையும் முதலாளியின் மேசையும் எதிர் எதிரே இருந்தன. அவர் தும்மினால் என் கடுதாசிகள் பறக்கும்.

முதலாளி பிறந்தது யாழ்ப்பாணம், பணம் சேர்த்தது லண்டன், வயது போகப் போக வந்து குடியிருந்தது ரொறன்ரோ. லண்டன் வியாபாரத்தை ஒரு பங்காளி பார்த்துக்கொண்டார். ஆனால் அங்கே அவர் விடாமல் வைத்திருந்தது வியாபாரத்தைவிடக் கட்சியைத்தான். வருடம் தவறாமல் தன் பழைய தொகுதியில் அந்தக் கட்சிக்கு நன்கொடை அனுப்புவார், தேர்தல் வந்தால் கூடுதலாக. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அவர் லண்டனுக்குப் போன புதிதில், வீடு வாடகைக்கு என்று போட்டிருக்கும் கதவைத் தட்டினால் கதவு திறந்த வேகத்திலேயே மூடுமாம். அந்தக் காலத்தில் ஒரு நாள் அந்தக் கட்சியின் இராப்போசனத்துக்கு யாரோ அழைத்துப் போக, மேசைத் தலைவர் எழுந்து தன் கையாலேயே இவருக்குக் கதிரை இழுத்துக் கொடுத்தாராம். "அந்தக் கதிரையை நான் மறக்கேல்லை பிள்ளை" என்றார். பிறகு சொன்னார்: "ஒருநாளைக்கு எங்கட சனத்துக்கு ஒரு தேவை வரும். அண்டைக்குத் தட்டிறதுக்கு ஒரு கதவு வேணும்."

அவர் அந்த நன்கொடையைக் கோயில் உபயம் போலத்தான் நினைத்திருந்தார் என்று எனக்குப் போகப் போக விளங்கியது. எங்கள் ஊர்க் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு உரியது. அந்த நாளின் செலவெல்லாம் அவர்களுடையது. பூசை முடிந்ததும் ஐயர் தாம்பாளத்தில் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்து, உபயகாரரை முதலில் கூப்பிட்டுக் காளாஞ்சி கொடுப்பார். உபயகாரர் வாய் திறந்து எனக்குத் தாருங்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் மானம் போய்விடும். கோயிலாகப் பார்த்து, ஆளறிந்து கூப்பிட வேண்டும். முதலாளி லண்டன் கட்சியிடமும் அதையேதான் எதிர்பார்த்தார். அத்தனை வருடங்களில் அவர் அந்த எம்.பி.யிடம் எதையும் கேட்டதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லுவார்.

இப்போது தொலைக்காட்சியில், வெளிநாட்டில் பிறந்த பணக்காரர்கள் பிரித்தானியக் கட்சிகளுக்குக் காசை அள்ளிக் கொடுத்துக் கொள்கைகளையே மாற்றுகிறார்கள் என்று விவாதம் போகிறது. என் தம்பி அதைப் பார்த்துக்கொண்டு, காசு இருந்தால் கட்சியையே வாங்கலாம் என்கிறான். வாங்கியவர்களும் இருப்பார்கள். எனக்குப் பழக்கமான உபயகாரர் ஒருவர்தான், அவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல முடியும். அதுவும் இந்தத் தம்பியின் கதைதான்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, தம்பி கொழும்பிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டவன் லண்டனில் விமானம் மாறும்போது பிடிபட்டுப் போனான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். எந்த நேரமும் கொழும்புக்குத் திருப்பி ஏற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். திருப்பி ஏற்றினால் கொழும்பில் அவனுக்காக யார் காத்திருப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனைவிட ஒரு வயது மூத்த அண்ணனை ஆமிக்காரர் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். ஆள் திரும்பவில்லை. ஆபத்து அந்தரத்துக்கு என்று அன்ரியின் தங்கச்சியின் லண்டன் நம்பரை நான் தம்பிக்குக் கொடுத்திருந்தேன். அவன் அதற்குத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறான்.

அந்த நாளில் லண்டனில் ஒரு வழக்கம் இருந்தது. எம்.பி. ஒருவர் குடிவரவு அமைச்சரின் கந்தோருக்கு ஒரு சொல் சொன்னால், விசயத்தை மறுபடி பார்க்கும் வரைக்கும் ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நான் முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று அழாமல் பேச முயன்றேன், முடியவில்லை. அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "உதுக்கேன் அழுகிறாய்? இதுக்குத்தானே இவ்வளவு காலமும்" என்றார். எழுந்து, கழற்றிப் போட்டிருந்த கோட்டை எடுத்துப் போட்டுப் பொத்தான் பூட்டினார். தொலைபேசியில் யார் பார்க்கப் போகிறார்கள்? நின்றபடியே நம்பரைச் சுழற்றினார்.

எம்.பி. லைனுக்கு வந்துவிட்டார். முதலாளியின் குரல் மாறியது, ஆங்கிலம் இன்னும் மெருகேறியது. ரொறன்ரோவின் பனியைப் பற்றிச் சொன்னார். அங்கே மழையா என்று கேட்டார். கட்சி மண்டபத்தின் கூரை ஒழுகுவதைத் திருத்தியாயிற்றா என்று விசாரித்தார். எம்.பி.யின் மனைவியின் முழங்கால் எப்படி என்று கேட்டார். நான் எதிரே இருந்து ஒவ்வொரு சொல்லாக எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதோ வருகிறது, அடுத்தது தம்பியின் பெயர்தான் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். முதலாளி ஒருமுறை மூச்சை இழுத்து, என்னைப் பார்த்து, பிறகு சுவரைப் பார்த்தார். உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

"அவருக்கு இண்டைக்கு அவசரம் போல. நாளைக்குக் கேப்பம் பிள்ளை" என்றார்.

அவசரக்காரன் முழங்கால் வரைக்கும் கதைப்பானா? எனக்கு அவருடைய மேசையைப் புரட்டிவிட வேண்டும் போல இருந்தது. கிடங்குக்குள் போய்த் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாய்க்குள் திட்டித் தீர்த்தேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை அவர் கந்தோருக்கே வரவில்லை, தடிமனும் காய்ச்சலுமாம்.

பூவோடு வந்த அன்ரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலாளி கேட்காமல் விட்ட விசயத்தைக் கறந்துவிட்டார். பூவை மேசையில் வைத்துவிட்டு என் தொலைபேசியை எடுத்தார். "அவர் கேக்க மாட்டார். அந்த மனுசனுக்குப் பயம்" என்றார்.

"என்ன பயம் அன்ரி?"

"இல்லையெண்டு சொல்லிப்போட்டால்? பிறகு உந்தப் படத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவ்வளவையும் சொல்லிக்கொண்டே தங்கச்சியின் நம்பரை எடுத்துவிட்டார். தங்கச்சியின் தொகுதி எம்.பி. எதிர்க்கட்சிக்காரர். சனிக்கிழமை காலையில் ஒரு நூலக மண்டபத்தில் தொகுதிச் சனங்களைச் சந்திப்பாராம். தங்கச்சி போய், கூரை ஒழுகுதென்றும் பக்கத்து வீட்டு நாய் குரைக்குதென்றும் முறைப்பாட்டோடு வந்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் இருந்திருக்கிறார். தன் முறை வந்ததும் தம்பியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்த எம்.பி. முழங்கை தேய்ந்த ஒரு சுவெற்றரோடு இருந்தாராம். எழுத்துக் கூட்டிப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அங்கிருந்தபடியே தொலைபேசி எடுத்திருக்கிறார். தம்பியை ஏற்றவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்த மனிதருக்கு ஒரு சதம் கொடுத்ததில்லை, தங்கச்சி வாக்குப் போட்டதுகூட இல்லை. நான் செய்தி கேட்டு அழுததில் அன்ரியின் சேலைத் தலைப்பு நனைந்துவிட்டது. முதலாளி அறைக்குள் வந்து, "நல்லது, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் போய்விட்டார்.

தம்பி பல மாதங்கள் லண்டனில் இருந்து, பிறகு ஒருவாறு பஃபலோ எல்லை வழியாக ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தான். முதலாளி அவனுக்குக் கிடங்கிலேயே வேலை கொடுத்தார். முதல் நாள் அவன் கந்தோருக்குள் வந்து, சுவரில் இருந்த படத்தைக் கண்டுவிட்டு, முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அங்கிள், உங்களாலதான் நான் உயிரோட நிக்கிறன்." வரிசையில் போய் இருந்தது அன்ரியின் தங்கச்சி என்று நான் சொல்லித்தான் இருந்தேன். ஆனாலும் பின்னால் நின்று அலுவல் பார்த்தது இவர்தான் என்று யாரோ சென் ஜேம்ஸ் ரவுணில் அவனுக்கு அடித்துச் சொல்லிவிட்டார்கள். "நான் ஒண்டும் செய்யேல்லையடா தம்பி" என்றார் முதலாளி. உள்ளதைத்தான் சொன்னார், ஆனால் சொன்ன விதத்தில் அது பெரிய மனிதரின் அடக்கமாகக் கேட்டது. தம்பி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவருடைய பெயர் காட்டுத் தீயாய்ப் பரவியது. லண்டன் அரசாங்கமே அவர் சொல்லுக் கேட்கும் என்று எங்கள் மாடிக் கட்டிட லிஃப்டில் பேசிக்கொண்டார்கள். றிச்மண்ட் ஹில் கோயிலில் அவர் வந்தால் கூட்டம் விலகி வழி விட்டது. ஒருமுறை ஐயர் அவரை முதலில் கூப்பிட்டுக் காளாஞ்சி கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். காலம் முழுக்க ஆசைப்பட்ட மரியாதை கையில் இருந்தும், அந்த மனிதர் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அன்றைக்குப் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி ஒரு கார்த்திகை மாதக் காலையில் போனது. பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் கந்தோருக்குள் வந்தாள். மட்டக்களப்புப் பக்கம். கைக்குழந்தையை மாராப்போடு அணைத்திருந்தாள். அவளுடைய புருசனையும் லண்டனில் மறித்து வைத்திருக்கிறார்களாம், அந்தக் கிழமைக்குள் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். "ஐயா ஒரு போன் எடுத்தாக் காணும்" என்றாள்.

முதலாளி அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். பிறகு, என்னையும் அங்கே நின்ற தம்பியையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, நான் இவனுக்காக ஒருத்தரையும் கேக்கேல்லை. போன் எடுத்தனான், ஆனால் கேக்க வாய் வரேல்லை. வேறொரு எம்.பி.தான் செய்தவர்." தம்பியின் கையில் இருந்த பெட்டி அப்படியே நின்றது. அவன் என்னைப் பார்த்தான். ஓம் என்று தலையாட்டினேன்.

அந்தப் பெண் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? ஊரே ஒன்றைச் சொல்ல, தனக்கு மட்டும் இவர் வேறொன்றைச் சொல்கிறார். "யாழ்ப்பாணத்துப் பொடியன் எண்டா செய்தீங்க. நான் மட்டக்களப்பு. அதுதானே ஐயா?" என்றாள். சத்தம் போடவில்லை, பழகிப்போன ஒரு விசயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

முதலாளி தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். கோட்டு கதிரை முதுகில்தான் தொங்கியது, அதை எடுக்கவில்லை. இருந்தபடியே தொலைபேசியைச் சுழற்றினார். எம்.பி. லைனுக்கு வந்ததும் பனியைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நான் உங்களிடம் முதன்முதலாக ஒன்று கேட்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண்ணின் புருசனுடைய பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவனைத் திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்றும் சொன்னார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். விளங்குகிறது, விளங்குகிறது என்று இடைக்கிடை சொன்னார். குழந்தை சிணுங்க, அவள் அதன் வாயில் விரலை வைத்தாள்.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "ஏலாதாம். தங்கட அரசாங்கம் எடுத்த முடிவில தான் தலையிடக் கூடாதாம்." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "வாற வருசக் கட்சிச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரட்டாம்."

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் அவர் சொன்னது விளங்கியது. அவளுடைய முகம் விழுந்துபோனது. அத்தனை வருடமாக அவர் பயந்த பதில் வந்துவிட்டது. அவர் நொறுங்கிப் போவார் என்று நினைத்தேன். அவர் நொறுங்கவில்லை, நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ இறக்கிவிட்ட ஆள்போல ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு எழுந்துபோய் அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் மறுபடி தொலைபேசியை எடுத்து, அன்ரியின் தங்கச்சியின் நம்பர் என்ன என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லச் சொல்லச் சுழற்றினார்.

"பிள்ளை, நான் அத்தான் கதைக்கிறன்," என்றார். "சனிக்கிழமை அந்த வரிசையில எங்களுக்கு ஒரு இடம் பிடிச்சுத் தருவியே?"