வயதே ஆகாதவனுக்கு மணி உண்டா?

சென்ற வாரம் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் வந்தேன். மடியில் ஒரு குழந்தை. வெள்ளைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

பக்கத்து சீட்டு அம்மா திருமலைக்குப் போய்விட்டு வேலூர் திரும்புகிறவர். மொட்டைத் தலையில் சந்தனம். எட்டி எட்டிப் பார்த்தார்.

“பேரனாண்ணா?”

தலையாட்டினேன்.

“மூஞ்சிய மூடாதண்ணா, காத்து ஆடட்டும். எவ்ளோ நல்லா தூங்குது பாரு! எங்க வூட்ல ஒண்ணு இருக்குது… பஸ்ஸு ஏறினா ஊரையே கூட்டிடும்.”

என்ன சொல்ல? இந்தக் குழந்தை மூச்சே விடாமல் பிறந்தது என்றா? சொன்னால் அங்கேயே இறக்கிவிடுவார்கள். தனி வண்டி வைக்கக் குழந்தையைப் பெற்ற வீட்டில் வழியில்லை. அதனால் முகத்துத் துணியைக் கொஞ்சம் விலக்கிவிட்டேன். அந்த அம்மாவுக்குத் திருப்தி. பஸ் நிறையக் கூட்டம். எனக்கோ, நானும் அவனும் மட்டும் போவது போல இருந்தது.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, இதை உங்களுக்கு எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். ஆனால் நீங்கள் உள்ளே வந்ததும் பெரியவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்களே — பல நேரம் அந்தப் பேச்சு இதுதான். எட்டாவது வரை படித்த எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்கிறேன். பயப்படாமல் படியுங்கள்.

குழந்தை எங்கள் எதிர்வீட்டு சுகுணாவுடையது. அவள் கணவன் பிரபு குவைத்தில் ஏசி மெக்கானிக். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் இப்போது குவைத்தில் அல்லது பெங்களூரில். என் வீட்டம்மாவும் மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் போய் மாதம் ஆகிறது. முன்பு மகள் தாய் வீட்டுக்கு வருவாள். இப்போது மகளுக்கு லீவு இல்லை. தாய்தான் மகள் வீட்டுக்குப் போகிறாள். அப்பாக்கள் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு… சரி, அதை விடுங்கள்.

சுகுணாவுக்கு ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனது அவள் மாமியாரும் நானும். மாமியார் அவளோடு வார்டில் இருந்தாக வேண்டும். அடக்கம் செய்யக் குழந்தையை ஊருக்குக் கொண்டுவர, மிச்சமிருந்த ஆள் நான்தான்.

சித்தூரில் இறங்கியதும் செல்போன் அடித்தது. பிரபு.

“வந்துட்டானா மாமா?”

“வந்துட்டோம்டா.”

“மணி அடிப்பாங்க இல்ல?”

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம். யாராவது இறந்தால் அவர் வயது எத்தனையோ, அத்தனை அடி கோயில் மணி அடிக்கும். சத்தம் கேட்டதும் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கையை வைத்தே ‘இன்னார்’ என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கொஞ்சம் வயதானவர் என்றால் டீக்கடையில், “எண்பத்திமூணு”, “இல்லய்யா, நாலு, நீ டீயில பூந்துட்டே” என்று சண்டையே நடக்கும்.

செத்துப் பிறந்த குழந்தைக்கு மட்டும் மணி கிடையாது. வயது இல்லை, ஞானஸ்நானம் இல்லை. நாலு ஆண்கள் சத்தமில்லாமல் போய், கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் வைத்துவிட்டு வருவார்கள். வீட்டுக்குப் போய் யாரும் துக்கம் விசாரிப்பதும் இல்லை. விசாரித்தால் தாய்க்கு இன்னும் நோகுமாம்.

பிரபுவிடம் இதைச் சொன்னேன். 

“நான் அவன் மூஞ்சியும் பாக்கல மாமா. ஒரு புடி மண்ணும் போட முடியாது, லீவு தர மாட்டேன்றான். ஒரே ஒரு அடி அடிச்சா இங்கருந்தே போன்ல கேட்டுக்குவேன். அவன் வந்தான்றதுக்கு எனக்கு வேற இன்னா இருக்குது, சொல்லு?”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஐயரும் சபைப் பொருளாளர் செல்வராஜும் இருந்தார்கள். ஐயர் என்றால் எங்கள் பக்கம் பாஸ்டர். விஷயத்தைச் சொன்னேன்.

“ரூல்னா எல்லாருக்கும் ஒகடே, ஒண்ணுதான் மாமா,” என்றார் செல்வராஜ். டென்ஷன் ஆனால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். “வயசுக்குத்தான் அடி. ஜீரோவுக்கு எத்தினி அடி அடிப்பே? ஒண்ணு அடிச்சா, ஒரு வயசுக் கொழந்த பூட்ச்சுன்னு ஊரே ஓடி வரும்.”

“வரட்டுமே.”

“நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து எங்களுக்கும் அடின்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே! இதுவரைக்கும் கேக்காமலே எத்தினி பேரு வூட்டுக்குப் போனாங்களோ.”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஐயர் எழுந்து வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“கருவுலயே ஆண்டவர் நம்மள அறிஞ்சிருக்கார்னு ஞாயித்துக்கிழமை நான்தானே பிரசங்கம் பண்றேன்?” என்றார். “செவ்வாக்கிழமை மாத்திப் பேச எனக்கு வாய் வராது. அவருக்குத் தெரிஞ்சவன, நமக்குத் தெரியாதுன்னு சொல்றதா? போய்க் கயிறப் புடிங்க.”

கயிறு பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. குழந்தையை யாரிடம் கொடுப்பது? திரும்பினால், செல்வராஜ் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“இப்டி குடு மாமா… தலையப் பாத்து, தலையப் பாத்து.”

ஐயர் என் போனில் பிரபுவைக் கூப்பிட்டு, கோபுரத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார். நான் இழுத்தேன்.

ஒரே அடி. ஒரு மணிச் சத்தம் முழுசாக அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வழக்கமாக அடுத்த அடி வந்து அதை மூடிவிடும், இல்லையா?

“கேட்டுச்சாடா?”

“ம்…” அவ்வளவுதான். பின்னால் யாரோ புரியாத பாஷையில் அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டான்.

செல்வராஜ் சொன்னது அப்படியே நடந்தது. தெரு ஓடி வந்தது. எங்கள் தெரு எஸ்தர் தன் ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். “யாரு வூட்டுக் கொழந்த ஐயரே?”

“பிரபு, சுகுணா மகன். இன்னிக்குத்தான் பொறந்தான்.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டு, எப்படித் திரும்பிப் போவது? எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். பெண்களும்தான்.

அந்த மதில் ஓரம் எனக்குப் புதிது இல்லை. எங்கள் தலைப்பிள்ளையை அங்கேதான் வைத்தேன். நானும் என் தம்பியும் மட்டும். வீடு திரும்பியதும் என் வீட்டம்மா ஒன்றுதான் கேட்டாள்: “எந்தப் பக்கமா வெச்சீங்க?” கை காட்டினேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்ததில்லை. பின்னால் இரண்டு பேர் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், ஒருத்தி பெங்களூர், ஒருத்தன் சிங்கப்பூர் என்று பறந்தும் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து சுகுணா வீட்டுக்கு வந்தாள். அடக்கத்துக்குப் போனவர்கள் வீட்டுக்கும் போயாக வேண்டும். எங்கள் பக்கம் அது தப்பாத முறை. ஆகவே தெருவே போய் உட்கார்ந்தது. “உடு, அடுத்த தபா நல்லா ஆவும்” என்றார்கள் — ஏதோ பரீட்சையில் ஃபெயிலான மாதிரி! சுகுணா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

எஸ்தர்தான் கேட்டாள். “யாரு மாதிரிடி இருந்தான்?”

மாமியார் பதறிப்போய், “அடியே, சும்மா இரு!” என்றார்.

சுகுணா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். “அவரு மாதிரிதான்க்கா. அதே சப்ப மூக்கு,” என்றாள். “நர்சம்மா காட்னாங்க. முடி கூட இம்மாம் இருந்திச்சி…” பேச ஆரம்பித்தவள் பேசிக்கொண்டே இருந்தாள். அழுகையும் வந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

உயிர் கர்த்தர் கொடுத்தது என்று ஜெபத்தில் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம்! அந்த உயிர் ரொம்பச் சின்னதாக வந்துவிட்டுப் போனால் மட்டும் நமக்கு ஏன் வாய் அடைத்துக்கொள்கிறது? மூச்சு விடாமல் பிறந்ததற்காக அவன் இல்லாமல் போய்விடுவானா?

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து என் வீட்டம்மா பேசினாள். பின்னால் எங்கள் புதுப் பேத்தியின் அழுகை. நடந்ததெல்லாம் சொன்னேன்.

“எத்தினி அடி அடிச்சீங்க?”

“ஒண்ணு.”

பேத்தியைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.  

“ரெண்டா அடிச்சிருக்கலாம் இல்ல?” என்றாள்.

பிள்ளைகளே, ‘நம் வீட்டில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்?’ என்று உங்கள் அப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால்… அவசரப்படுத்தாதீர்கள்.