செட்டு என்று சாவியைக் கொடுத்த பிரிட்டோ

பாலக்கரையில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பிரிட்டோவுக்கு வாயில் ஒரே சொல்தான்: செட்டு. இன்ஜின் சத்தம் நின்றால் செட்டு. தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தால் செட்டு. சேர்ந்து டீ குடிக்கிற நாங்களெல்லாம் "நம்ம செட்டு". பிடிக்காத ஆள் என்றால், "நமக்கு செட் ஆவாது, விடு." மாமனார் செத்தபோதுகூட, "எல்லாம் செட் பண்ணிட்டேன், காலைல எடுக்குறாங்க" என்றான். எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

ஆனால் வண்டியை ஒப்படைக்கும்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. தானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் "செட்டு, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியை நீட்டுவான். அதை நம்பியே ஸ்ரீரங்கத்திலிருந்தெல்லாம் ஆள் வரும்.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள். அனுசுயா டீச்சரின் ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள் மாற்றியவன், ஓட்டிப் பார்க்காமலே "செட்டு டீச்சர்" என்று அனுப்பிவிட்டான். வீட்டுக்குப் போகும் வழியில், மாம்பழச்சாலை சிக்னல் அருகே விழுந்து அவருக்குக் கால் முறிந்தது.

மணல் சறுக்கிவிட்டதாக டீச்சரின் கணவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். நம்பிவிட்டுப் போக வேண்டியதுதானே? இவனால் முடியவில்லை. கேபிள் நட்டை முறுக்கினோமா இல்லையா என்று நினைவில்லை. சோறு இறங்கவில்லை. வண்டி எடுக்க வந்தவர்களிடம், "நீங்களே ஓட்டிப் பாத்துக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அவனை ஸ்ரீரங்கத்தில் டீச்சர் வீட்டுக்கு இழுத்துப் போனேன்.

கணவர் காபி போட உள்ளே போனார். பிரிட்டோ மெதுவாகக் கேட்டான்.

"டீச்சர், மணல்தானே?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "பிரேக் புடிக்கவே இல்ல பிரிட்டோ. அவருக்குத் தெரிஞ்சா உங்களக் கடை நடத்த விட மாட்டாரு. அதான் மணல்னு சொன்னேன். விடுங்க."

டீச்சரே விடச் சொன்னதில் எனக்கு உயிர் வந்தது. கிளம்பிவிடலாம் என்று அவனை இடித்தேன். அதற்குள் கணவர் காபியோடு வந்துவிட்டார்.

"சாப்புடுங்க தம்பி. நடுரோட்ல மணலக் கொட்டுனான் பாருங்க, அவன் மட்டும் என் கையில கெடைக்கணும்."

பிரிட்டோ டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

"கெடைச்சுட்டான் சார்" என்றான். "நான்தான்."